மூச்சை அடக்க முடியாத பையனுக்கு இதய எம்ஆர்ஐ எங்கே எடுக்கலாம்?

எங்கள் மகனுக்கு 11 வயது, டுஷேன் மஸ்குலர் டிஸ்ட்ரஃபி (தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் மரபணு நோய்), அந்த மரபணுவில் எக்சான் 45 முதல் 50 வரையுள்ள துண்டுகள் இல்லை. ஒன்றரை வருஷமாக வீல்சேர். டெஃப்லாசகார்ட் என்ற ஸ்டீராய்டு 6 வயதிலிருந்தே, இதயத்துக்கான எனலாப்ரில் மாத்திரை போன வருஷத்திலிருந்து. மதுரையில் இருக்கிறோம்.

வருஷா வருஷம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறோம். ஜனவரியில் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 58, 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 110க்குக் கீழே இறங்குவதில்லை, முதுகு வளைவால் படம் சரியாக விழவில்லை என்று எக்கோ எடுத்தவரே சொன்னார். இதயம் பம்ப் செய்வது குறைவதற்கு முன்பே தசையில் தழும்பு விழத் தொடங்கிவிடும், அதைக் கடோலினியம் என்ற சாய மருந்தை ஊசியில் போட்டு எடுக்கும் எம்ஆர்ஐயில்தான் பார்க்க முடியும் என்று நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. முதல் சென்டரில் முழு மயக்கம் கொடுத்தால்தான் முடியும் என்றார்கள். டுஷேன் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து எவ்வளவு ஆபத்து என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், திரும்பி வந்துவிட்டோம். அடுத்த இடத்தில் மூச்சை 15 விநாடி அடக்கச் சொன்னார்கள், அவனால் ஏழுக்கு மேல் முடியவில்லை, படமெல்லாம் கலங்கல், பணமும் போச்சு. இத்தனைக்கும் போனில் எம்ஆர்ஐ சத்தத்தைப் போட்டு, வீட்டுக் கட்டிலில் 40 நிமிஷம் அசையாமல் படுத்துப் பழகியவன். மூச்சுதான் சிக்கல்.

சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இதய எம்ஆர்ஐ எடுக்கும் இடம் மதுரை, கோவை, சென்னையில் எங்கே இருக்கிறது?