‘இனி உனக்கு இடமில்லை’ என்று சொன்ன கோச் திரும்பக் கூப்பிடலாமா?

வியாசை விங்கர்:
எங்கள் கால்பந்து கிளப்பில் போன மாதம் கோச் இரண்டு சீனியர்களை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “உங்களுக்கு இனிமேல் இந்த டீமில் இடம் கிடையாது” என்றார். அடுத்த மூன்று மேட்சிலும் தோற்றோம். நேற்று காலை பார்த்தால் அந்த இருவரும் பயிற்சிக்கு வந்து நிற்கிறார்கள். கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. விசில் ஊதி ஓடச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஜெர்மனி தேசிய அணியின் கோச்சாக இருந்த யோவாகிம் லோவ்தான் ஞாபகத்துக்கு வந்தார். 2018 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய பிறகு, 2019 மார்ச்சில் அவர் மியூனிக் போய் முல்லர், ஹம்மல்ஸ், போட்டெங் மூவரையும் நேரில் பார்த்து, தேசிய அணியில் உங்கள் காலம் முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். 2014-ல் அவருக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். முல்லருக்கு அப்போது வயது 29. நீக்கும் உரிமை கோச்சுக்கு உண்டு, ஆனால் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியதுதான் கோபத்தைக் கிளப்புகிறது என்று முல்லர் ஒரு வீடியோவில் சொன்னார். இரண்டே வருடம். 2021 மே மாதம் யூரோவுக்கான (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அணியில் முல்லரும் ஹம்மல்ஸும் மறுபடி வந்துவிட்டார்கள். போட்டெங்குக்கு மட்டும் அழைப்பு இல்லை.

இப்படிச் சொல்லை மாற்றுகிறவர் அடுத்து எதைச் சொன்னாலும் அணி நம்புமா?

முத்துநகர் கீப்பர்:
தம்பி, நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். முல்லர்களுக்குப் பதில் வளர்த்த அணி 2020 நவம்பரில் செவில்லில் ஸ்பெயினிடம் 6-0 வாங்கியது. 2021 மார்ச்சில் சொந்த மண்ணில் வடக்கு மாசிடோனியாவிடம் 2-1. பின்வரிசையில் நம்பியிருந்த சூலேவுக்கு 2019 அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. முல்லரோ ஜெர்மன் லீக்கான பண்டஸ்லீகாவில் 2019-20 சீசனில் 21 கோலுக்குப் பாஸ் கொடுத்திருந்தார். இதையெல்லாம் பார்த்த பிறகும், ‘நான் சொன்னது சொன்னதுதான்’ என்று உட்கார்ந்திருந்தால் அது வீம்பு. வீரர்களுக்குக் கண் இல்லையா? யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று கோச்சுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிடாத கோச்சிடம்தான் மரியாதை போகும்.

வியாசை விங்கர்:
அண்ணா, இதே லோவ் ஒரு காலத்தில் சொல்லைக் காப்பாற்றியவர். 2008 அக்டோபரில் டோர்ட்முண்டில் ரஷ்யாவுடன் மேட்ச். அணியில் எடுக்கப்படாத ஃபார்வர்டு குரானி, இடைவேளையில் கேலரியிலிருந்து எழுந்து போய்விட்டார். இனி அவர் கிடையாது என்றார் லோவ். 2009-10-ல் குரானி தன் கிளப் ஷால்கேவுக்காக 18 கோல் அடித்தார். உலகக் கோப்பைக்குக் கூப்பிடு என்று எவ்வளவோ பேர் கேட்டார்கள். லோவ் அசையவில்லை. அந்த இளம் அணி மூன்றாம் இடம் வந்தது. அதில் 20 வயதில் வந்து 5 கோல் அடித்தவர்தான் இந்த முல்லர்! கோச் சொன்னால் சொன்னதுதான் என்ற தெளிவு அந்தப் பையன்களுக்குத் தைரியம் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

முத்துநகர் கீப்பர்:
குரானி விஷயம் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது. அதில் பின்வாங்கினால் அணியே கெட்டுப்போகும், ஒப்புக்கொள்கிறேன். முல்லரை நீக்கியது ஆட்டத்தைப் பற்றிய கணிப்பு. கணிப்பு தப்பலாம், திருத்தலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பழைய லெஃப்ட் பேக்:
நான் இதில் மூன்றாவது பக்கம். திரும்ப வந்த சீனியரின் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன்.

கல்லூரி இரண்டாம் வருடம். சீனியரை நீக்கிவிட்டு கோச் என்னிடம், “இனி நீதான் லெஃப்ட் பேக், பயப்படாமல் ஆடு” என்றார். பின்வரிசையில் இடது ஓரம் என் இடம். நான்கு மேட்ச் ஆடினேன். அரையிறுதிக்கு முந்தின நாள் ஹாஸ்டல் அறைக்கு ஒரு ஜூனியர் வந்து, “அண்ணா, 3-ஆம் நம்பர் ஜெர்சியைக் கேட்டார்கள்” என்றான். துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன், இன்னும் ஈரம். அப்படியே கவரில் போட்டுக் கொடுத்தேன். சீனியர் என்னைவிட நன்றாக ஆடுவார், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் கோச் வந்து சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் அந்த அணியில் இருந்தேன். அவர் “நன்றாக ஆடினாய்” என்று சொன்னால்கூட மனதில் ஒட்டவில்லை.

லோவ் மூவரையும் நீக்கும்போது மியூனிக் வரை நேரில் போனார். முடிவை மாற்றும்போது, இரண்டு வருடம் அந்த இடத்துக்காக உழைத்த இளையவர்களிடமும் அப்படி உட்கார்ந்து பேச வேண்டும். அணி நம்புகிறதா இல்லையா என்பது அங்கேதான் இருக்கிறது. வெளியே போனவரை மட்டும் பார்த்துப் பேசுகிறோம்.

முத்துநகர் கீப்பர்:
படித்ததும் கஷ்டமாக இருந்தது. நேரில் சொல்ல வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதற்காக முடிவை மாற்றுவதே தப்பு என்று ஆகாது.

வியாசை விங்கர்:
லோவ் முடிவை மாற்றிய நேரத்தையும் பாருங்கள் அண்ணா. யூரோ முடிந்ததும் விலகுவேன் என்று 2021 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார். அதன் பிறகு மாற்றுவதில் அவருக்கு என்ன நஷ்டம்? ஸ்பெயினிடம் தோற்ற மறுநாளே மாற்றியிருந்தால் தைரியம் என்று நானும் சொல்லியிருப்பேன். பலனும் வரவில்லை. பிரான்ஸுடன் ஹம்மல்ஸ் காலில் பட்டு சொந்த வலைக்குள்ளேயே போன ஓன் கோலில் 1-0 தோல்வி. வெம்ப்ளியில் இங்கிலாந்துடன் 1-0 என்று பின்தங்கியிருந்தபோது 81-வது நிமிடம் முல்லர் தனியாக ஓடி, கீப்பர் மட்டும் எதிரில், பந்தை வெளியே அடித்தார். 2-0, வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

முத்துநகர் கீப்பர்:
அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் ஸ்கோர் 1-1. அப்போது இதே இழையில் லோவைப் பாராட்டியிருப்போம். ஒரு ஷாட்டை வைத்து முடிவு சரியா தப்பா என்று சொல்ல முடியாது, போர்ச்சுகலை 4-2 என்று அடித்ததும் இதே அணிதான்.

வியாசை விங்கர்:
சரி, பலனை விடுகிறேன். லெஃப்ட் பேக் அண்ணன் எழுதியதிலிருந்து வேறொன்று உறுத்துகிறது. எங்கள் டீமில் அந்த மூன்று மேட்சும் பின்வரிசை நடுவில் ஸ்டாப்பராக ஆடியது பதினேழு வயதுப் பையன். நேற்று அவன் பயிற்சிக்கு வரவில்லை. ஏன் என்று எங்களில் யாருமே கேட்கவில்லை, நானும்தான். இன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகிறேன்.