டிகாக்சினோடு அமியோடரோன் சேர்த்த பிறகு அப்பாவுக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை

கேள்வி:
அப்பாவுக்கு 71 வயது. இதயம் பலவீனம் என்று நாலு வருடமாக பிசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், ஃபுரோசமைடு, டிகாக்சின் எடுக்கிறார். துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று மூன்று வாரம் முன்பு அமியோடரோனும் சேர்த்தார்கள். படபடப்பு அடங்கிவிட்டது, ஆனால் பத்து நாளாக ஒரே குமட்டல், தட்டை வைத்தால் தள்ளி வைக்கிறார். நேற்று வெள்ளைச் சுவரைப் பார்த்து "இதுக்கு எப்போ மஞ்சள் அடிச்சீங்க?" என்று கேட்டார், எனக்குப் பயமாகிவிட்டது. அடுத்த செக்கப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பதில் 1:
பொறுக்க வேண்டாம், இப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். பசியின்மை, குமட்டல், மஞ்சளாகத் தெரிவது மூன்றும் சேர்ந்தால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் டிகாக்சின் உடம்பில் ஏறிவிட்டதா என்பதுதான். அமியோடரோன் அதை வெளியேற விடாமல் தடுக்கும், அதனால்தான் சேர்க்கும்போதே டிகாக்சினை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது வழக்கம். அப்பாவுக்குக் குறைத்தார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் டிகாக்சின் அளவு, பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள். ஃபுரோசமைடு பொட்டாசியத்தை இறக்கிவிடும், அது இறங்கினால் டிகாக்சின் இன்னும் மோசமாகத் தாக்கும். ரத்தம் கொடுக்கும்போது கடைசி மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மயக்கம் வந்தாலோ நாடி 50க்குக் கீழே போனாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

பதில் 2:
அம்மாவுக்கும் இதே நடந்தது, நாங்கள் வயசுக் கோளாறு என்று ஒரு வாரம் விட்டுவிட்டோம், அது இன்றும் உறுத்துகிறது. ஒன்று கவனியுங்கள், அமியோடரோனை நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். அதில் அயோடின் அதிகம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் பார்க்க வேண்டும். அப்புறம் பயத்தில் பிசோப்ரோலாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும்.

பதில் 3:
டிகாக்சின் இன்னும் தேவையா என்றும் கேட்டு வையுங்கள். 1997இல் வந்த பெரிய ஆய்வில் அது ஆயுளைக் கூட்டவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்வதைத்தான் குறைத்தது. துடிப்பை இப்போது பிசோப்ரோலாலும் அமியோடரோனுமே பிடித்து வைத்திருக்கலாம்.

கேட்டவர்:
கூப்பிட்டேன். டோஸ் குறைக்கவே இல்லை. டிகாக்சினை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருக்கிறார், மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம்.