டர்பன் தமிழ்க் குடும்பங்கள் குழு: கவினுக்கு எந்தப் பாடத்திட்டம்?

*சனி, காலை*

*கவின் அம்மா:* வணக்கம் எல்லாருக்கும். ஜனவரியிலிருந்து கவினை வீட்டிலேயே படிக்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம். கிரேடு 4. தென்னாப்பிரிக்க அரசோட கேப்ஸ் பாடத்திட்டமா, இங்கிலாந்தோட கேம்பிரிட்ஜா? ரெண்டு வாரமா இதே பேச்சுதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

*சாட்ஸ்வொர்த் ஆயா:* ஏன் கண்ணு, ஸ்கூல்ல என்ன ஆச்சு?

*கவின் அம்மா:* சண்டை எதுவும் இல்ல ஆயா. அவன் மெதுவா எழுதுவான். போர்டுல இருக்கிறதை முடிக்கிறதுக்குள்ள அழிச்சிடுறாங்க. நோட்டு பூரா பாதி பாதி வரி. நான் ராத்திரி மத்த அம்மாக்கள்கிட்ட போட்டோ வாங்கி நிரப்புறேன். வர வர வாயே திறக்க மாட்டேங்கிறான்.

*கவின் அப்பா:* நாளைக்கே ஊருக்குத் திரும்பினாலும் கேம்பிரிட்ஜ் அங்கயும் செல்லும். அதான் நான் அதைச் சொல்றேன்.

*நிலா அம்மா, ஃபீனிக்ஸ்:* தம்பி, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா வழி பிரியறது கிரேடு 10லதான். கேப்ஸ்ல மெட்ரிக், அதாவது இங்க 12ஆவது முடிவுத் தேர்வு, எழுதணும்னா பத்துலேர்ந்து ஐ.இ.பி. மாதிரி தேர்வு அமைப்போட சேர்ந்த நிறுவனத்துல பதியணும். 12ல பெரும்பாலான பாடத்துக்கு 25 சதவீத மார்க் வருஷம் பூரா செய்யற வேலைக்குத்தான். கேம்பிரிட்ஜ்ல தனித்தேர்வரா எழுதலாம். ஆனா ஒவ்வொரு பாடத்துக்கும் தனியா கட்டணம், இங்க யூனிவர்சிட்டில சேர பல்கலைக்கழகங்களோட கூட்டமைப்பான யு.எஸ்.ஏ.எஃப். தர்ற மெட்ரிக் விலக்குச் சான்றும் வேணும். கவினுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு.

*நிலா அம்மா, ஃபீனிக்ஸ்:* முதல் வருஷம் நான் அவசரப்பட்டு ஒரு வருஷத்துப் பாடமெல்லாம் இருக்கற முழு பெட்டியே வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். நாள்வாரியா டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருந்தாங்க. மார்ச்சுக்குள்ளயே நாங்க ஒன்பது நாள் பின்னால. ராத்திரி நானும் நிலாவும் பாடத்தைப் பேசல, பாக்கியைத்தான் பேசினோம். பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அந்தப் பணத்தை விட அந்த மூணு மாசம்தான் எனக்கு இன்னும் வலிக்குது.

*கவின் அம்மா:* அப்போ நான் எதைப் பார்த்து எடுக்கிறது அக்கா?

*நிலா அம்மா, ஃபீனிக்ஸ்:* முதல்ல உன் நாளைப் பாரு. உனக்கு எத்தனை மணிக்கு வேலை?

*கவின் அம்மா:* ரெண்டு மணிக்கு கிளினிக்ல இருக்கணும். காலையில எட்டரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஃப்ரீ.

*நிலா அம்மா, ஃபீனிக்ஸ்:* அப்போ மத்தியானம் வரைக்கும் இழுக்கற ஆன்லைன் லைவ் கிளாஸ் உனக்கு ஒத்துவராது. கரண்ட் போனா அதுவும் போச்சு. அடுத்தது பிள்ளை. அவனுக்கு எழுதறதுதான் தடை, புரிஞ்சுக்கறதுல தடை இல்ல. பக்கம் பக்கமா நிரப்பற பாடத்திட்டம் எடுத்தா ஸ்கூலையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடும். கல்வித்துறையோட ஒர்க்புக் அவங்க சைட்டுல இலவசமாவே இருக்கு. மூணு வாரம் அதுல கணக்கு மட்டும் போடு. மத்த பாடத்துக்கு ஒரு பக்கம் படிச்சிட்டு, புத்தகத்தை மூடி, அவன் வாயால சொல்லச் சொல்லு. எங்க நிக்கிறான், எங்க ஓடறான்னு உனக்கே தெரிஞ்சிடும். அப்புறம் பணம் கட்டு.

*செல்வம் அண்ணா:* பதிவை மறந்துடாதம்மா. மாகாணக் கல்வித்துறையில விண்ணப்பிக்கணும். 2024 செப்டம்பர்ல கையெழுத்தான பெலாங்கிற கல்விச் சட்டத் திருத்தப்படி கிரேடு 3, 6, 9 முடியறப்போ தகுதியுள்ள ஒருத்தர் பிள்ளையை மதிப்பீடு பண்ணணும். எந்தப் பாடத்திட்டம் எடுத்தாலும் தரம் தேசியப் பாடத்திட்டத்துக்குக் குறையக் கூடாது. செய்யற வேலைக்கெல்லாம் தேதி போட்டு ஃபைல்ல வை.

*கவின் அம்மா:* சரிண்ணா. கேப்ஸ்ல ரெண்டாவது மொழி வேணுமே, சுலுவா ஆஃப்ரிகான்ஸா?

*நிலா அம்மா, ஃபீனிக்ஸ்:* சுலு. பக்கத்து வீட்டுப் பசங்களோட தினமும் ஆடுறான் இல்ல? கேம்பிரிட்ஜ்ல அது கட்டாயம் இல்லைன்னாலும் நான் விட மாட்டேன். டர்பன்ல வளர்ற பிள்ளைக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

*சாட்ஸ்வொர்த் ஆயா:* தமிழை விட்டுட்டீங்களே. எங்க காலத்துல ஸ்கூல்ல கிடையாது, சாயங்காலம் கோயில்லதான் படிச்சோம். 2014லதான் நம்ம மாகாணத்து ஸ்கூல்ல விருப்பப் பாடமா திரும்ப வந்துச்சு. என்கிட்ட அனுப்பு, நான் சொல்லித் தரேன்.

*ஞாயிறு, மாலை*

*கவின் அம்மா:* அக்கா, இன்னைக்கு ப்ளூ லகூன் போயிருந்தோம். உம்கெனி ஆறு கடல்ல கலக்கிற இடத்துல தண்ணி ஏன் பழுப்பா இருக்குன்னு கேட்டான். மழை பெஞ்சா ஆத்தோட மேல்பக்கத்துலேர்ந்து மண்ணு அடிச்சிட்டு வருதுன்னு அவங்க அப்பா சொன்னார். வீட்டுக்கு வந்து, இப்போ நீ எனக்குச் சொல்லுன்னேன். நிறுத்தாம பேசினான். நான் எழுதிக்கிட்டே இருந்தேன், ஒரு பக்கம் நிறைஞ்சிடுச்சு. அவன் கையால தேதியும் பேரும் மட்டும் எழுத வெச்சேன். ஃபைல்ல முதல் தாள் அதுதான்.

*கவின் அப்பா:* மூணு வாரம் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பேச்சை நான் இப்போ எடுக்கல.

*கவின் அம்மா:* ஆயா, கவின் தமிழ் படிக்க செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?

*சாட்ஸ்வொர்த் ஆயா:* வேலைக்குப் போற வழியில இறக்கி விட்டுட்டுப் போ. இங்கயே சாப்பிடட்டும், அப்புறம் படிக்கலாம்.