கோ-சிமுலேஷனுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். எஃப்எம்பை என்கிற பைத்தான் நூலகத்துக்குப் பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். அந்த நூலகம் இயக்கும் எஃப்எம்யூ (FMU) என்பது, கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு மாதிரியை அடைத்து வைத்த ஜிப் கோப்புதான். மாறிகளை விவரிக்கும் எக்ஸ்எம்எல்லும், கம்பைல் செய்த நிரலும் அதற்குள் இருக்கும். அதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகை சமன்பாடுகளை மட்டும் தரும். தீர்ப்பது அழைக்கிற நிரலின் பாடு. அதற்கு 'மாதிரிப் பரிமாற்றம்' என்று வைத்துவிட்டேன். இரண்டாவது வகையில் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரும் உள்ளேயே இருக்கும். "இன்னும் 0.01 நொடி போ" என்றால் போய்விட்டு விடையோடு நிற்கும். இப்படிப்பட்ட கூறுகள் பலவற்றைக் கோத்து ஓட்டும் இந்தக் கோ-சிமுலேஷனுக்கு 'இணைப்பாவனை' சரியா?

*

பாவனை வேண்டாம் அம்மா. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அங்கே ஒருவர் படித்தால் தலையைச் சொறிவார். பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடுவது என்று தொனிப்பதால் 'இணை'யும் இடிக்கிறது. இந்தக் கூறுகள் ஒரே நேரத்தில் ஓடியாக வேண்டும் என்றில்லை. ஒன்று அடி வைத்தபின் அதன் விடையை வாங்கிக்கொண்டு அடுத்தது வைக்கலாம். 'கூட்டு உருவகப்படுத்தல்' போதும்.

*

உருவகமா? உவமையில் பொருளும் உவமையும் வேறு வேறாக நிற்கும். உருவகத்தில் அந்த வேற்றுமை போய்விடும். மாதிரியையே நிஜமென்று நம்பிவிடுவதுதானே இந்தத் துறையின் முதல் வியாதி, அதைப் பெயரிலேயே வைப்பதா? நன்னூல் தரும் உவம உருபுகளைப் பாருங்கள்: போல, புரைய, ஒப்ப, உறழ, மான... நிகர. நிகர்த்தல் என்று கொண்டால் எஃப்எம்யூ 'நிகரி' ஆகிறது. கோ-சிமுலேஷன் 'உடனிகர்த்தல்'. மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளும் காதில் விழுகிறது, பாருங்கள்!

*

ஐயா, மெய்நிகர், நிகர்நிலை, நிகர லாபம் என்று ஏற்கெனவே அந்தச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. நான் வகுப்பில் எடுக்கிறவன். மாணவர்கள் நிரலில் ஆங்கிலத்தில்தான் தட்டப் போகிறார்கள். வகையைச் சொல்லும் இடத்தில் எஃப்எம்பை தமிழ்ச் சொல்லை ஏற்காது. 'கோ-சிமுலேஷன்' என்றே எழுதுங்கள்.

*

தம்பி, எல்லாவற்றையும் அப்படியே எழுதுவதற்குக் கையேடு எதற்கு? உடனிகழ்ச்சியை விட மனம் வரவில்லை. "ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே" என்கிறது தொல்காப்பியம். சேர்ந்து வருகிறவர்களில் உயர்ந்தவர்தான் 'ஒடு' வாங்குவார்: அரசனோடு சேவகர் வந்தார். இங்கேயும் எல்லாக் கூறுகளுக்கும் "அடி வை" என்று சொல்லும் ஒரு தலைமை நிரல் உண்டல்லவா? அதற்கு 'ஒடுவன்'...

*

ஐயா, ஒடுவன் என்றால் ஓடிப்போனவன் போல இருக்கிறது.

*

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: 'கூட்டு உருவகப்படுத்தல்' நான்கு பேர், ஒலிபெயர்ப்பு இருவர், உடனிகர்த்தல் ஒருவர். (தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துத்தான்.) முதல் முறை வரும்போது மட்டும் கோ-சிமுலேஷனையும் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். எஃப்எம்யூ எஃப்எம்யூவாகவே இருக்கட்டும். எஃப்எம்யூ எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் எஃப்எம்ஐ (FMI) தரம் 2010இல் வந்தது, 2022இல் 3.0 வெளியானபோது மூன்றாவதாக ஒரு வகையும் சேர்ந்தது. அதற்கான சொல்லை அடுத்த பதிப்பில் கேட்கிறேன். இப்போது தெம்பு இல்லை.

*

சரி அம்மா, அச்சிடுங்கள். ஆனால் அது உருவகம் இல்லை, உவமை.