மறுமொழி: 'தனிமைப்படுத்தல்' வேண்டாம், 'ஒதுங்குநிலை' என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிற நாடுகளின் சண்டைகளிலும் கூட்டணிகளிலும் சேராமல் ஒரு நாடு தானாக விலகி நிற்கும் கொள்கைக்கு (isolationism) நமது அகராதியில் 'தனிமைப்படுத்தல் கொள்கை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சேர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதல் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால், 'அமெரிக்கா தனிமைப்படுத்தப்பட்டது' என்று எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? 'படுத்தல்' என்று வந்தாலே ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதுதானே. கொரோனாக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனாரே, அது தனிமைப்படுத்தல். நிறவெறித் தென்னாப்பிரிக்காவை உலகம் தள்ளிவைத்ததற்கும் அந்தச் சொல் பொருந்தும். 1920இல் அமெரிக்க செனட் அந்தப் போருக்குப் பிந்திய சமாதான உடன்படிக்கையான வெர்சாய் உடன்படிக்கையை நிராகரித்ததும், உலக நாடுகள் சங்கத்தில் அந்த நாடு சேராமல் நின்றதும் அதன் சொந்த முடிவு.

நான் முன்வைப்பது 'ஒதுங்குநிலைக் கொள்கை'. நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொள்வது எல்லோர் பேச்சிலும் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒதுங்குதல் என்றதும் 'எதிலிருந்து?' என்ற கேள்வி எழும். எழத்தான் வேண்டும். ஐரோப்பியச் சண்டைகள் வேண்டாம் என்று ஒதுங்கிய அதே அமெரிக்கா 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டியில் படை வைத்திருந்தது. அக்கா சொன்ன 'தனித்திருப்பு' அழகான சொல்தான். ஆனால் எல்லாக் கதவையும் அடைத்துக்கொண்ட நாடு என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு 'தலையீட்டுக் கொள்கை' வழக்கில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

ஒதுங்குநிலைக்குப் பதிலாகத் 'தலையிடாமை' போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியபோது நேருவின் இந்தியா கொழும்போடு பேசிப் பார்த்தது, அதற்கு மேல் போகவில்லை. அது தலையிடாமை. ஆனால் 1954இல் சீனாவோடு பஞ்சசீலம் என்ற ஐந்து சமாதானக் கோட்பாடுகள், 1955இல் ஆசிய-ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு என்று முன்வரிசையில் நின்ற அந்த இந்தியாவை ஒதுங்கியிருந்த நாடு என்று யாராவது சொல்வார்களா? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு போட்டது. அதற்கு இந்தச் சொற்கள் எதுவுமே பொருந்தாது. எங்களைக் கேட்காமல் இரண்டு அரசுகள் பேசிய பேரம் அது. அப்புறம் 1987 ஜூன் 4 அன்று, கொழும்பின் சம்மதமில்லாமல் யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டன. தலையீடு என்றால் அது. அதன்பின் வந்த இந்திய அமைதிப் படை, இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில் வந்ததால் அதைப் பற்றி வாதிட இடமுண்டு.

ஆகவே அகராதியில் ஒதுங்குநிலைக்கும் தலையிடாமைக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். இந்தக் கொள்கையை ஆதரிப்பவரை 'ஒதுங்குநிலையாளர்' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது. இன்னும் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.