பியானோவில் பேஸ் ஸ்ட்ரிங் (கனத்த ஒலிக் கம்பி) மாற்றிய பிறகு 'ஜிர்ர்' என்று இரைகிறது, உதவி தேவை

கேள்வி (தூத்துக்குடி):
எங்கள் ஆலயத்து அப்ரைட் பியானோவில், மிடில் சி-க்கு (கட்டை வரிசையின் நடுவில் உள்ள சி) இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி-யின் ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்துவிட்டது. கடற்காற்றில் அதன் முனையில் உள்ள லூப் (வளையம்) துருப்பிடித்துப் போயிருந்தது. அறுந்த துண்டுகளையே மாதிரியாக அனுப்பி, அதே கனத்தில் செம்பு சுற்றிய புதுக் கம்பி வாங்கி நானே மாட்டினேன். சுருதி நிற்கிறது, ஆனால் அடித்தால் 'ஜிர்ர்' என்று இரைகிறது. ஞாயிறு ஆராதனையில் அந்தக் கட்டையைத் தொடாமலே வாசிக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்:
சத்தம் அந்தக் கம்பியில்தானா என்று முதலில் பாருங்கள். பக்கத்து ஜோடிக் கம்பி ஒலிக்காதபடி அதில் ரப்பர் வெட்ஜ் (ஆப்பு) சொருகிவிட்டு, புதியதை விரலால் மீட்டுங்கள். நான் ஒரு வாரம் கம்பியைச் சந்தேகப்பட்டேன். சவுண்ட்போர்டில் (கம்பிகளுக்குப் பின்னால் உள்ள ஒலிப்பலகை) ஒட்டிக் கிடந்த பென்சில்தான் காரணம்.

கேட்டவர்:
மீட்டினாலும் இரைகிறது.

ட்யூனர்:
தம்பி, ஹிட்ச் பின்னில் (லூப் மாட்டும் ஆணி) லூப்பை மாட்டும் முன் கம்பியை முறுக்கினீர்களா?

கேட்டவர்:
இல்லையே அண்ணா. அப்படியே மாட்டிவிட்டேன்.

ட்யூனர்:
அதுதான் விஷயம். நடுவில் இருப்பது ஸ்டீல், மேலே சுற்றியிருப்பது செம்பு. இழுவை ஏறும்போது ஸ்டீல் கொஞ்சம் நீளும், செம்புச் சுற்று இளகும். இளகிய சுற்றுதான் இரைகிறது.

இழுவையைத் தளர்த்துங்கள். ஒரே கம்பியில் 70, 80 கிலோ இழுவை இருக்கும், முகத்தை நேரே வைக்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ட்யூனிங் பின்னில் (மறுமுனையில் கம்பியைச் சுற்றி முறுக்கும் ஆணி) உள்ள சுற்றைக் கலைக்க வேண்டாம். லூப் கழலும் அளவுக்குப் பின்னைத் திருப்பினால் போதும். லூப்பை எடுத்து, செம்பு இறுகும் பக்கமாக ஒரு முழுச் சுற்று முறுக்கி, முறுக்கு அவிழாமல் பிடித்தபடியே மாட்டுங்கள். பக்கம் மாறிவிட்டால் இரைச்சல் கூடும், அப்போது எதிர்ப்பக்கம் முறுக்குங்கள். வெறுங்கையால் செம்பைத் தொடாதீர்கள், வியர்வை பட்டால் கறுக்கும். தூத்துக்குடியில் சொல்லவே வேண்டாம்.

சுருதிக்குக் கொண்டுவரும்போது பிரிட்ஜ் பின்னில் (கம்பி தாங்கும் மரப்பட்டையில் உள்ள ஆணி) கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரக்கட்டையால் மெல்ல அமுக்கினால் போதும், சுத்தியல் வேண்டாம். ட்யூனிங் பின்னில் 3 சுற்று ஒட்டி ஒட்டி இருக்க வேண்டும். அடுத்த சில வாரத்துக்கு சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், பயப்படாதீர்கள்.

கேட்டவர்:
அண்ணா, இரைச்சல் போய்விட்டது! முதல் முறை பக்கம் மாறிவிட்டது, இரண்டாம் முறை சரியாக வந்தது. ஆனால் இப்போது பழைய ஜோடிக் கம்பிதான் செத்த மாதிரி கேட்கிறது.

ட்யூனர்:
சுற்றுக்குள் அழுக்கும் துருவும் ஏறியிருக்கும். அதையும் கழற்றி ஒரு சுற்று முறுக்கினால் கொஞ்சம் உயிர் வரும். வராவிட்டால் ஜோடியையே மாற்றிவிடுங்கள், முதல் கம்பியைச் செய்தவரிடமே சொல்லுங்கள்.

கேட்டவர்:
நாளை ஆராதனை முடிந்ததும் செய்கிறேன்.