ஃபால்ஸ் பாசிட்டிவ்: பொய் எச்சரிக்கையா, வீண்பழியா?

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட அலுவலகங்களுக்கான கணினிக் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. நச்சுநிரல் தடுப்பான் நல்ல கோப்பை வைரஸ் என்று பிடித்தால் ஆங்கிலத்தில் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்கிற அதற்குத் தமிழில் என்ன பெயர்? 'தவறான நேர்மறை' என்று எழுதுகிறார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் "உங்கள் செக்ரோல் (ஆள்வருகை, சம்பளக் கணக்கு) நிரலுக்குத் தவறான நேர்மறை வந்திருக்கிறது" என்றால், நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்பார். 'பொய் எச்சரிக்கை' சரிவருமா?

*

ஐயா, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வேறு சொந்தக்காரன் இருக்கிறான். இணையத்தில் உலாவும்போது சிவப்புப் பெட்டி குதித்து, "5 வைரஸ் உள்ளது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்கிறதே, அதுதான் பொய் எச்சரிக்கை. அங்கே கூச்சல் போடுபவனே திருடன். உலாவியை மூடிவிட்டால் போதும், மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் நிறுத்தலாம். நாம் பேசுவதிலோ காவலாள் உண்மையானவர், பிடித்த ஆள்தான் தப்பு.

என் பரிந்துரை 'வீண்பழி'. வீண்பழி வீதம், வீண்பழி நீக்கம் என்று எங்கும் வளைந்துகொடுக்கும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி தடுப்பானின் 5958 எண்ணுள்ள புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் ஓயாமல் அணைந்து எழுந்தன. எச்சரிக்கையோடு நின்றதா அது? தண்டனையே கொடுத்துவிட்டது.

*

சொல் அழகுதான் அண்ணே, ஆனால் ஆபத்து. வீண்பழி என்று காதில் விழுந்ததுமே கிராணி 'அலவ்' (அனுமதி) பொத்தானை அமுக்கிவிடுவார். பிடித்த நொடியில் அது பழியா மெய்யா என்று யாருக்கும் தெரியாது. பென்டிரைவ் தோட்டத்தின் டிவிஷன் டிவிஷனாக ஏறி இறங்கும் இடத்தில் செக்ரோல் நிரலில் உண்மையாகவே வைரஸ் ஒட்டியிருக்கலாம். அந்த இடைநிலைக்கு 'ஐயப்பிடிப்பு' என்று தனிச்சொல் வேண்டும். சோதித்த பிறகே வீண்பழி.

சோதனையும் கையேட்டில் வரட்டும். முதலில், பிடித்ததற்குத் தடுப்பான் இட்ட பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்ற எழுத்துகளும் இருந்தால், அது இயந்திரக் கற்றலின் கணிப்பு. கையொப்பமில்லாத பழைய விஷுவல் பேசிக் நிரல், யுபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவி கொண்டு சுருக்கிய நிரல், எல்லா விசையழுத்தத்தையும் கவனிக்கும் தமிழ்த் தட்டச்சு நிரல் எல்லாம் அடிக்கடி மாட்டுவது இப்படித்தான். தட்டச்சு நிரல் செய்யும் வேலையும் கடவுச்சொல் திருடும் நிரல் செய்யும் வேலையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதானே!

பிறகு, கோப்பு இருந்த ஃபோல்டரை மட்டும் தற்காலிகமாக, தடுப்பான் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்து, புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் 'ரிஸ்டோர்' கொடுத்துக் கோப்பை மீட்கலாம். நிரலை இயக்கக் கூடாது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளை, கோப்பின் கைரேகை போன்ற, 64 எழுத்துள்ள ஷா-256 மதிப்பைத் தரும். நிரல் எழுதியவரிடம் அதே பதிப்பின் மதிப்பைக் கேட்டு ஒப்பிட வேண்டும். ஓரெழுத்து வேறுபட்டாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது பதிப்பு வேறு. ஒத்துப்போனால் அந்த மதிப்பை, பல தடுப்பான்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் தேடலாம். தேடினால் போதும், கோப்பை ஏற்ற வேண்டாம்: ஏற்றியதைப் பிறரும் எடுத்துப் பார்க்க முடியும், சம்பளக் கோப்பில் தொழிலாளர்களின் ஐசி (அடையாள அட்டை) எண்கள் இருக்கும்.

*

ஐயப்பிடிப்பை ஏற்கிறேன் தம்பி. ஒன்று சேர்க்கிறேன்: வைரஸ்டோட்டலில் எழுபது சொச்ச தடுப்பான்களில் ஒன்றிரண்டு மட்டும் பிடித்தால் பழி வீண் என்ற பக்கம் சாயலாம், உறுதி சொல்ல முடியாது. புத்தம்புது வைரஸையும் முதல் நாளில் ஒன்றிரண்டுதான் பிடிக்கும். மற்றவை கோட்டைவிட்டதற்கு, அதாவது ஃபால்ஸ் நெகட்டிவுக்கு, 'தப்பவிடல்' என்று வைப்போம்.

முடிவு தெரிந்ததும் தற்காலிக விலக்கை எடுத்துவிட வேண்டும். வீண்பழிதான் என்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்து, தடுப்பான் நிறுவனத்துக்கும் கோப்பை அனுப்பினால் அடுத்த புதுப்பிப்பில் திருத்த வாய்ப்புண்டு. சி டிரைவ் முழுவதையும் விலக்கிவைக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தடுப்பானையே கழற்றிவிடலாம்.

பிடித்த கோப்பைப் பூட்டிவைக்கும் குவாரண்டைனுக்குச் சொல் தேட வேண்டாம். கோவிட்டுக்குப் பிறகு 'தனிமைப்படுத்தல்' கிராணிக்கும் தெரியும், வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்கும் தெரியும்.